கள்ளக்குறிச்சியைக் கேட்டுவிட்டு வேட்பாளரைச் சொல்லுங்கள்!

பெயர் அறிவித்த பிறகு மாலையோடு வருகிறார்கள். அதற்கு முன்பே மேடையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமை மலைக்கும் சமவெளிக்கும் எப்போது?

2024 மார்ச் 20. சென்னை அண்ணா அறிவாலயத்தில் தி.மு.க.வின் மக்களவை வேட்பாளர் பட்டியல் வெளியானது. கள்ளக்குறிச்சிக்கு நேராக இருந்த பெயர் மலையரசன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே தொகுதியில் 3,99,919 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த பொன்.கௌதம சிகாமணியின் பெயர் பட்டியலில் இல்லை. பழையவர் ஏன் போனார், புதியவர் ஏன் வந்தார்? கட்சிக்குள் இதற்குப் பதில் இருந்திருக்கும். ஆனால் எந்தக் கட்சியின் பட்டியலிலும் பெயர்தான் இருக்கும், காரணம் இருக்காது.

அன்றிலிருந்து சரியாக 30 நாளில், ஏப்ரல் 19 அன்று, வாக்குப்பதிவு. கட்சி காட்டிய ஆளைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, எடைபோட்டு முடிவெடுக்க வாக்காளருக்குக் கிடைத்தது அந்த ஒரு மாதம்தான். மலையரசன் 5,61,589 வாக்குகள் பெற்றார். அ.தி.மு.க.வின் ரா.குமரகுருவுக்கு 5,07,805 வாக்குகள். வித்தியாசம் 53,784. முந்தைய தேர்தலில் கிட்டத்தட்ட நான்கு லட்சமாக இருந்த இடைவெளி அரை லட்சத்துக்குச் சற்று மேல் வந்து நின்றது. இவர்களில் யார் தகுதியானவர், யார் தகுதியற்றவர் என்று தீர்ப்பு எழுதுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அந்தத் தீர்ப்பை எழுத வேண்டிய மக்களிடம் கட்சிகள் எப்போது கேட்கின்றன என்பதுதான் நம் கேள்வி.

வேட்பாளர் பெயர் வந்த நாளில் கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பின் டீக்கடைகளில் நின்று பாருங்கள். ‘ஆளு யாரு? எந்த ஊரு? நம்ம ஆளா? செலவு பண்ணுவாரா?’ பேச்சு இந்த நான்கைச் சுற்றியே ஓடும். மக்களுக்கு வேறு கேள்வி தெரியாது என்று நினைத்தால் தவறு. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரவேண்டிய 16 கிலோமீட்டர் ரயில் பாதை எத்தனை தேர்தல்களைக் கண்டது என்று எவரும் விரல்விட்டு எண்ணுவார். கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியவருக்குப் பணம் எப்போது வந்தது என்பது அவருக்குத் தேதியோடு நினைவிருக்கும். அந்தக் கேள்விகளைக் கேட்க இடமும் நேரமும் தரப்படவில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதைதான் இது.

அங்கே மேடை, இங்கே பட்டியல்

அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு முன் இன்னொரு தேர்தல் நடக்கும். கட்சியின் வேட்பாளர் யார் என்பதை மாநிலம் மாநிலமாக வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். அதற்கு முன் ஒரே கட்சிக்காரர்கள் ஒரே மேடையில் நின்று ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்க்கும்.

2019 ஜூன் மாதம் மயாமியில் ஜனநாயகக் கட்சியின் முதல் விவாதம் நடந்தது. 20 பேர். ஒரு மேடை கொள்ளாது என்பதால் இரண்டு இரவுகள். ஏற நிபந்தனை உண்டு: 65,000 பேரிடமிருந்து நன்கொடை பெற்றிருக்க வேண்டும், அல்லது மூன்று கருத்துக்கணிப்புகளில் ஒரு சதவீத ஆதரவாவது இருக்க வேண்டும். இரண்டாம் இரவில், திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ், முன்னாள் துணை அதிபர் ஜோ பைடனைப் பார்த்துத் திரும்பினார். கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளை ஒரே பள்ளியில் சேர்க்கப் பேருந்தில் அனுப்பும் திட்டத்தைப் பைடன் ஒருகாலத்தில் எதிர்த்தவர். அப்படியொரு பேருந்தில் பள்ளிக்குப் போன சிறுமி தானே என்றார் கமலா. அடுத்த சில நாட்களில் வந்த கணிப்புகளில் அவருடைய ஆதரவு சட்டென ஏறியது. அடுத்த மாத விவாதத்தில் அவர் அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தைப் பற்றிச் சக போட்டியாளர் துளசி கபார்ட் துளைத்தெடுத்தார். ஏறிய ஆதரவு இறங்கத் தொடங்கியது. டிசம்பர் 3 அன்று, ஒரு மாநிலம்கூட வாக்களிக்கும் முன்பே, கமலா விலகிக்கொண்டார். தூக்கி வைத்ததும் இறக்கி வைத்ததும் வாக்காளரின் எதிர்வினைதான். அதே கமலாவைத்தான் 2020 ஆகஸ்டில் பைடன் துணை அதிபர் வேட்பாளராக்கினார். மேடையில் எதிர்த்துப் பேசியது கட்சிக்குள் பகையாக உறைந்துவிடவில்லை.

2023 ஆகஸ்ட் 23 அன்று மில்வாக்கியில் குடியரசுக் கட்சி மேடையில் நின்ற எட்டுப் பேரில் ஒருவர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் வந்த விவேக் ராமசாமி. அன்றிரவு அதிகம் பேசப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஆனால் 2024 ஜனவரி 15 அன்று ஐயோவா மாநிலம் வாக்களித்தபோது நான்காம் இடம்தான். அன்றிரவே விலகினார்.

அந்த ஐயோவா முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கடும் குளிர்கால மாலை. ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ தேவாலயக் கூடத்திலோ அக்கம்பக்கத்தார் கூடுகிறார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து சில நிமிடம் பேசுகிறார். பேசுபவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர். பிறகு காகிதத்தில் பெயர் எழுதி மடித்துப் போடுகிறார்கள். நம் கிராம சபைக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2023-24-ல் டொனால்ட் டிரம்ப் தன் கட்சியின் ஒரு விவாதத்துக்குக்கூடப் போகவில்லை. ஆனாலும் வேட்பாளர் ஆனார். பணமும் பெயரும் உள்ளவர் மேடையைப் புறக்கணித்தும் ஜெயிக்கலாம் என்பது அந்த முறையின் ஓட்டை. ஆனால் அவரையும் கடைசியில் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுத்தான் வேட்பாளராக்கினார்கள்.

சிவப்புப் பெட்டி, கறுப்புப் பெட்டி

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், நம் மண்ணுக்கு ஒத்துவராது என்று சொல்வோருக்கு நம் மண்ணின் வரலாறே பதில் வைத்திருக்கிறது.

1954-ல் ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டபோது, அடுத்தவர் யார் என்பதைக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி ஓட்டெடுப்பில் முடிவு செய்தது. காமராஜருக்கு 93 வாக்குகள், சி.சுப்பிரமணியத்துக்கு 41. போட்டி முடிந்ததும் காமராஜர் செய்தது என்ன? எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையும், அவருக்குத் துணைநின்ற பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். போட்டி கட்சியை உடைக்கும் என்ற பயத்துக்கு அன்றே கிடைத்த மறுப்பு அது.

1956 மே மாதம், திருச்சியில் தி.மு.க.வின் இரண்டாவது மாநில மாநாடு. கட்சி தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகவில்லை. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்ற மிகப்பெரிய கேள்வி முன்னால் நின்றது. அண்ணா அதைத் தலைவர்கள் கூடிப் பேசும் அறைக்குள் வைத்து முடிக்கவில்லை. மாநாட்டுக்கு வந்தவர்களிடமே கேட்டார். போட்டியிட வேண்டும் என்பவருக்குச் சிவப்புப் பெட்டி, வேண்டாம் என்பவருக்குக் கறுப்புப் பெட்டி. 56,942 பேர் வேண்டும் என்றார்கள், 4,203 பேர் வேண்டாம் என்றார்கள். அடுத்த ஆண்டே 15 பேர் சட்டமன்றத்துக்குள் போனார்கள். பதினோரு ஆண்டுகளில் ஆட்சி வந்தது. அறுபதாயிரம் சாதாரணத் தொண்டர்களின் கையில் கட்சியின் தலைவிதியை ஒப்படைக்கும் துணிச்சல் தமிழ்நாட்டில் இருந்தது. அந்தத் துணிச்சலைத் தொடர்ந்து வளர்க்காமல் விட்டுவிட்டோம்.

எம்.ஜி.ஆர். வகுத்த அ.தி.மு.க. சட்டவிதியும் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்றே சொன்னது. ஆனால் 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி அந்தப் பதவிக்குப் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்பட்டது. உறுப்பினர்களின் ஓட்டு பெட்டிக்கு வரவே இல்லை.

தலைக்கு ஐந்து நொடி

இன்றைய நடைமுறை எல்லோருக்கும் தெரிந்தது. விருப்ப மனு, கட்டணம், நேர்காணல். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு அ.தி.மு.க.வில் விருப்ப மனுக் கட்டணம் 15,000 ரூபாய். மனு கொடுத்தவர்கள் எட்டாயிரத்துக்கும் மேல். அவர்கள் எல்லோருக்கும் மார்ச் 4 என்ற ஒரே நாளில் நேர்காணல். பத்து மணி நேரம் இடைவிடாமல் நடந்தது என்று வைத்துக்கொண்டாலும் தலைக்கு ஐந்து நொடிகூட வராது. தி.மு.க.வில் நேர்காணலுக்குக் கூடுதல் நாட்கள் ஒதுக்கினார்கள். ஆனால் அங்கும் கதவு மூடியே இருந்தது. உள்ளே என்ன கேட்டார்கள், மனு கொடுத்தவர் என்ன சொன்னார் என்பது தொகுதிக்குத் தெரியாது. ‘எவ்வளவு செலவு செய்வீங்க?’ என்ற கேள்வி தவறாமல் வரும் என்று உள்ளே போய்வந்தவர்கள் கட்சி வேறுபாடு இல்லாமல் சொல்வதுண்டு.

தேசியக் கட்சியில் ஒரு முயற்சி நடந்தது. 2014 மக்களவைத் தேர்தலில் ராகுல் காந்தி, சில தொகுதிகளில் மட்டும் காங்கிரஸ் வேட்பாளரைக் கட்சி நிர்வாகிகளின் ஓட்டில் தேர்ந்தெடுக்கும் சோதனையைச் செய்தார். குஜராத்தின் வடோதராவில் அப்படி ஜெயித்தவர் நரேந்திர ராவத். நரேந்திர மோடி அங்கே போட்டியிடுகிறார் என்றதும் ராவத் விலகி நிற்க, மதுசூதன் மிஸ்திரி களமிறக்கப்பட்டார். முதல் நெருக்கடியிலேயே மேலிடம் முடிவைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சோதனை அதற்குமேல் வளரவில்லை.

2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் பதவிக்கு 22 ஆண்டுகள் கழித்துப் போட்டி வந்தது. சென்னை சத்தியமூர்த்தி பவனிலும் ஓட்டுப்பெட்டி வைக்கப்பட்டது. மல்லிகார்ஜுன கார்கேயுடன் பொது மேடையில் விவாதிக்கத் தயார் என்றார் சசி தரூர். அந்த விவாதம் நடக்கவே இல்லை. கார்கேவுக்கு 7,897, தரூருக்கு 1,072. நாட்டின் பழம்பெரும் கட்சியின் தலைமைக்கு இரண்டு பேர் நின்றார்கள். அவர்களின் வேறுபாடு என்ன என்பதை ஒரே மேடையில் வைத்துக் கேட்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை.

சட்டத்தில் ஒரே ஒரு சன்னல் திறந்திருக்கிறது. 2020 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை போட்டது. குற்ற வழக்கு உள்ள ஒருவரை வேட்பாளராக்கினால், வழக்கில்லாத வேறொருவரை ஏன் நிறுத்தவில்லை என்பதைக் கட்சி எழுத்தில் வெளியிட வேண்டும். ‘ஜெயிப்பார்’ என்பது மட்டும் காரணமாகாது, அவருடைய தகுதியையும் சாதனையையும் சொல்ல வேண்டும். குற்ற வழக்கு உள்ளவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால், வழக்கில்லாதவரைத் தேர்ந்தெடுத்ததற்கும் சொல்லலாமே? நல்லவரை நிறுத்திய கட்சிக்கு அதைச் சொல்வதில் என்ன கஷ்டம்?

மலை என்ன கேட்கும்?

கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணைப் பக்கமாக ஏறும் மலைப்பாதை வெள்ளிமலைக்குப் போகிறது. கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம் அதுதான். மரவள்ளியும் சாமையும் விளையும் மலை. கடுக்காய்க்குப் பேர்போனது. இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பிழைப்புக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருபவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு.

இந்த மலைக்கு ஓட்டு வந்த கதையைக் கேட்டால் மனம் கனக்கும். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை இது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் ஜாகிர் நீடித்தது. 1976-ல்தான் அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கை எடுத்தபோது, மலைக்கு வாக்குரிமை 1996-ல்தான் வந்தது என்ற விவரமும் அங்கே முன்வைக்கப்பட்டது. முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்தால் நல்லது என்றும் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு கருத்து சொன்னது. ஒரு மலையின் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் பற்றி நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் ஓட்டுக் கேட்டு ஏறி இறங்கிய வாகனங்கள் எதைக் கேட்டுவிட்டுப் போயின?

நீதிமன்றம் இந்தப் பக்கம் திரும்பியதற்குக் காரணம் ஊரறிந்தது. 2024 ஜூன் 18 இரவு தொடங்கி, கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். வாக்குப்பதிவு முடிந்து ஏறக்குறைய இரண்டு மாதம். முடிவு வந்து இரண்டு வாரம். கள்ளச்சாராயம் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. மலையில் காய்ச்சுவதும் கீழே விற்பதும் பல காலமாகப் பேசப்பட்டு வந்தவைதான். எந்தக் கட்சி அலுவலகத்துக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. அதன் பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தினார்கள். எல்லாம் சாவுக்குப் பிறகு. மார்ச் மாதத்திலேயே ஒவ்வொரு கட்சியும் தன்னிடம் விருப்ப மனு கொடுத்தவர்களைக் கருணாபுரத்துப் பெண்கள் முன்னால் நிறுத்தி, ‘சாராயம் விற்கிறவனை என்ன செய்வீங்க?’ என்று கேட்க விட்டிருந்தால் சாவு தடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கேள்வி எல்லோர் காதிலும் விழும்படி, பதிலோடு பதிவாகியிருக்கும். பதில் சொன்னவரைப் பிறகு பிடித்து நிறுத்தலாம்.

தொகுதி எல்லைகளையும் பாருங்கள். கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். கள்ளக்குறிச்சி, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிகள். ஏற்காடு பழங்குடியினருக்கானது. சங்கராபுரமும் ரிஷிவந்தியமும் மட்டுமே பொது. கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பகுதி ஏற்காட்டில் இருக்கிறது. வெள்ளிமலைப் பக்கம் சங்கராபுரத்தில் இருக்கிறது. ஒரே மலை, ஒரே மக்கள். அந்தப் பக்கம் நிற்பவர் பழங்குடியினராக மட்டுமே இருக்க முடியும். இந்தப் பக்கம் பழங்குடி ஒருவர் பெரிய கட்சியின் வேட்பாளராவது குதிரைக்கொம்பு. சமவெளி ஓட்டு எண்ணிக்கையில் மலை ஓட்டு கரைந்துபோகிறது. அப்படிப்பட்ட இடத்தில், வேட்பாளர் தேர்வின்போதாவது மலையின் குரல் தனியாகக் கேட்கப்பட வேண்டாமா?

மலை கேட்கும் கேள்விகள் ஒன்றும் சிக்கலானவை இல்லை. 2006-ன் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பயிர் செய்துவரும் வன நிலத்துக்குப் பழங்குடிக் குடும்பம் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். ‘எங்க ஊர்ல எத்தனை பேருக்குப் பட்டா வாங்கித் தருவீங்க, எந்த வருஷத்துக்குள்ள?’ என்று கேட்டால் வேட்பாளர் எண்ணோடு பதில் சொல்ல வேண்டும். ஒரே கேள்வியை வைத்தும் விவாதம் நடத்தலாம். 1948-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட டூயியும் ஸ்டாசனும் வானொலியில் நடத்திய விவாதத்துக்கு ஒரே ஒரு தலைப்புதான்: கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்யலாமா? அந்த ஒன்றை வைத்தே ஒரு மணி நேரம் பேசினார்கள். தடை கூடாது என்ற டூயி ஜெயித்தார். வெள்ளிமலையில் வன உரிமை ஒன்றை மட்டும் தலைப்பாக வைத்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னால், யாருக்கு மலை தெரியும், யாருக்கு மலைக்குப் போகும் வழி மட்டும் தெரியும் என்பது விளங்கிவிடும்.

சாதி, பணம், கூட்டணி

மறுப்புகள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது.

முதலாவது, சாதி. உறுப்பினர் ஓட்டு என்று வந்தால் எண்ணிக்கை அதிகமுள்ள சாதியே ஒவ்வொரு முறையும் ஜெயிக்கும் என்பார்கள். நியாயமான பயம். ஆனால் இன்று மூடிய அறைக்குள் போடப்படும் கணக்கும் அதே சாதிக் கணக்குதானே? மேடை வந்தால் குறைந்தபட்சம் சாதிக்கு மேல் ஏதாவது பேசியாக வேண்டும்.

இரண்டாவது, பணம். மாவட்டச் செயலாளரும் ஒன்றியச் செயலாளரும் சொல்கிற பெயருக்குத்தான் உறுப்பினர் ஓட்டுப் போடுவார், அதற்கும் கவர் கொடுப்பார்கள் என்பார்கள். அதனால்தான் ஓட்டுக்கு முன் விவாதம் வேண்டும் என்கிறோம். கவர் வாங்கியவர்கூட, பதில் சொல்லத் தெரியாமல் நூறு பேர் முன்னால் விழித்தவரை மறக்க மாட்டார்.

மூன்றாவது, கூட்டணி. 2019-ல் அ.தி.மு.க. அணியில் இந்தத் தொகுதி தே.மு.தி.க.வுக்குப் போனது. 2024-ல் பா.ஜ.க. அணியில் பா.ம.க. நின்றது. எந்தத் தொகுதி யாருக்கு என்பதே கடைசி நேரத்தில்தான் தெரியும்போது முன்கூட்டியே விவாதம் எப்படி என்பார்கள். கூட்டணி எதுவானாலும் ஒவ்வொரு கட்சிக்கும் மாவட்டத்தில் தன் ஆட்கள் யார் என்பது தெரியும். அவர்களை ஆறு மாதத்துக்கு முன்பே மக்கள் முன்னால் பேசவைத்து வரிசைப்படுத்தி வைப்பதைக் கூட்டணி தடுக்காது.

தொடங்க ஓர் இடம்

மக்களவையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாக உதயமான கள்ளக்குறிச்சி, 2021 அக்டோபரில்தான் மாவட்டமாகத் தன் முதல் ஊரக உள்ளாட்சித் தேர்தலைச் சந்தித்தது. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனால் ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும் கட்சிச் சின்னத்தில் நிற்கிறார்கள். அங்கே தொடங்கலாம்.

கல்வராயன் மலை ஒன்றியத்தில் ஒரு கவுன்சிலர் வார்டு. ஒரு கட்சியில் விருப்ப மனு கொடுத்த நான்கு பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கட்சி உறுப்பினர்கள் கேட்க, ஊர் பார்க்க, தலைக்குப் பத்து நிமிடம். கேள்வி கேட்பது ஊர். பிறகு உறுப்பினர்கள் சீட்டு எழுதிப் போடட்டும். யாரைத் தேர்ந்தெடுத்தோம், எதற்காக என்று கட்சி ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், தேர்தல் ஆணையத்தின் அனுமதி வேண்டாம். ஒரு மாவட்டச் செயலாளர் மனசு வைத்தால் போதும். முதலில் இதைச் செய்கிற கட்சிக்கு மலையில் கிடைக்கும் மரியாதையை எந்தக் கவரும் வாங்கித் தராது.

வாக்காளர்களும் காத்திருக்க வேண்டாம். பட்டியல் வந்த பிறகு டீக்கடையில் கேட்கிற கேள்விகளைப் பட்டியல் வருவதற்கு முன்பே கட்சி அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். கிளைச் செயலாளர் தெருவில்தான் இருக்கிறார். ஒன்றியச் செயலாளர் கல்யாண வீட்டுக்கும் காதுகுத்துக்கும் வருகிறார். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘எங்க ஓட்டுக்கு ஆள் எடுக்கிறீங்க, எடுக்குறதுக்கு முன்னாடி எங்க முன்னால கொண்டுவந்து நிறுத்துவீங்களா, மாட்டீங்களா?’ அடுத்த பட்டியலில் ஒரு பெயர் இருக்கும், அதற்கு நேராக ஒரு காரணமும் இருக்க வேண்டும் என்று கேட்பது வாக்காளரின் உரிமை.